பத்தொன்பதாம் மாடிக்குக் காந்தக் கொசுவலை: நான்கு மாத அனுபவம்

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் நான்கு சன்னல்களுக்குக் காந்தப் பட்டை வைத்துத் தைத்த கொசுவலை பொருத்தி நான்கு மாதங்கள் ஆகின்றன. மூன்று படுக்கையறைச் சன்னல்களுக்குத் தலா 95 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வரவேற்பறையின் பெரிய சன்னலுக்கு 160 வெள்ளி, ஆக மொத்தம் 445 வெள்ளி செலவாயிற்று. பொருத்திக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வலையை இதே முறையில் பொருத்தித் தருபவர்கள் தீவு முழுவதும் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவதும் அந்த நிறுவனத்தைப் பற்றியதைவிட, உயர்ந்த மாடியில் குடியிருப்பவர்கள் இந்த வலையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைப் பற்றியதுதான்.

முதலில், இந்தச் செலவே வீண் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் என் மாமியார், அத்தை என்றுதான் அழைப்பேன். அவர் பிறந்து வளர்ந்தது நீலகிரியின் குன்னூரில். "எங்கள் ஊரில் யாரும் கொசுவலை கட்டிப் படுத்ததே இல்லை. மேலே போகப் போகக் கொசு வராதம்மா, நீ பத்தொன்பதாவது மாடியில் இருந்துகொண்டு எதற்குப் பயப்படுகிறாய்?" என்றார். மற்றவர், வியப்பாக இருக்கும், அளவெடுக்க வந்த பையன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். "அக்கா, இந்த உயரத்துக்குப் படுக்கையறைக்கு மட்டும் போட்டால் போதும், ஹாலுக்கு வேண்டாம்" என்று தம் முதலாளிக்கு வர வேண்டிய 160 வெள்ளியைத் தாமே வேண்டாமென்று சொன்னார். நல்ல மனிதர். ஆனால் இருவர் சொன்னதும் ஒரே தவறுதான், அந்தத் தவறை நானும் பல ஆண்டுகளாக நம்பியிருந்தேன்.

மலையூர்களில் கொசு குறைவு என்பது பொய்யல்ல. குன்னூர் கடல்மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 1,850 மீட்டரிலும், ஊட்டி 2,240 மீட்டரிலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டு மலை ரயிலில் ஏறியவர் குன்னூரில் இறங்கும்போது சால்வையைத் தேடுவது அதனால்தான். கொசுவைத் தடுப்பது உயரம் அன்று, அந்தக் குளிர். சிங்கப்பூரின் வெக்கையில் முட்டையிலிருந்து சிறகு முளைத்து வெளியேற, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் புழுக்கள் பதினைந்து டிகிரி நீரில் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும், பெரும்பாலானவை முதிராமலேயே சாகும். கிருமியின் கதையும் இதுதான்: கொசுவின் உடலுக்குள் டெங்கிக் கிருமி பரவும் நிலைக்கு வர 30 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரமும், 25 டிகிரியில் இரண்டு வாரமும் பிடிக்கிறது. வளர்ந்த கொசு சில வாரங்களே வாழும் என்பதால், குளிர்ந்த இடத்தில் கிருமி முதிர்வதற்குள் கொசுவின் ஆயுள் முடிந்துவிட வாய்ப்பு மிகுதி.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால் பத்தொன்பதாம் மாடியின் தரை நிலத்திலிருந்து 50 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தால் கிடைக்கும் குளிர்ச்சி ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரை எட்டவில்லை. அதன் உச்சியில் குடியிருந்தாலும் ஒரு டிகிரிதான் மிச்சம். குன்னூர்க்காரர் அனுபவித்த பாதுகாப்பை மின்தூக்கியில் ஏறிப் பெற முடியாது. மேல்மாடிக்குக் காற்று கொஞ்சம் கூடுதலாக வரும், கீழ்த்தளத்து வடிகாலும் புதரும் தூரத்தில் இருக்கும், அவ்வளவே.

கொசு அவ்வளவு உயரம் பறக்குமா என்ற கேள்வி அடுத்து வரும். பறக்க வேண்டியதே இல்லை. நம்மோடு மின்தூக்கியில் வரலாம், படிக்கட்டு வழியாகத் தளம் தளமாக ஏறலாம், மேலேயே தண்ணீர் கிடைத்தால் அங்கேயே பெருகலாம். சிங்கப்பூரில் ருபீடியம் என்ற தனிமத்தை அடையாளமாக வைத்துச் செய்யப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 21 மாடிக் குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் விடப்பட்ட ஏடிஸ் கொசுக்கள் எளிதாக மேலும் கீழும் பரவி மேல்தளங்களிலும் முட்டையிட்டது தெரியவந்தது. தேசியச் சுற்றுப்புற வாரியமும் இதைக் கணக்கில் எடுத்துத்தான், எங்கள் வட்டாரமான நீ சூன் ஈஸ்ட் உட்பட சில இடங்களில் 2016இல் தொடங்கிய வோல்பாக்கியா திட்டத்தில் (அந்தப் பாக்டீரியாவை ஏற்றிய ஆண் கொசுவோடு கூடும் பெண் கொசுவின் முட்டைகள் பொரியா), கடிக்காத அந்த ஆண் கொசுக்களைத் தரைத்தளத்தில் மட்டுமின்றிப் பின்னர் மேல்மாடிகளிலும் விட்டது. தாழ்வாரத்தில் அவற்றைக் கண்டு பதறிய பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நான் விளக்கம் சொன்னதுண்டு.

இனி வலைக்கு வருகிறேன்.

கண்ணாடி இழையில் நெய்து மேலே நெகிழிப் பூச்சுக் கொடுத்த சாம்பல் நிற வலை அது. ஓர் அங்குலத்துக்கு நெடுக்கில் 18, குறுக்கில் 16 இழைகள்; வலைக்கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஏடிஸும் இரவில் கடிக்கும் கியூலெக்ஸும் இதில் நுழையா. புழுதிக்கொசு போன்ற மிகச் சிறிய பூச்சிகள் நுழையும், அதற்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். வலையின் நான்கு ஓரங்களிலும் காந்தப் பட்டையை வைத்துத் தைத்திருக்கிறார்கள். சன்னல் சட்டம் அலுமினியம் என்பதால் காந்தம் அதில் ஒட்டாது. ஆகவே சட்டத்தைச் சுற்றி இன்னொரு காந்தப் பட்டையைப் பசைநாடாவால் ஒட்டி, அதன்மேல் வலையைப் பிடிக்க வைக்கிறார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படுவது காந்தம். ஆனால் உழைப்பதும் தோற்பதும் பின்னாலிருக்கும் பசைதான். மேற்குப் பார்த்த அறையில் பிற்பகல் வெயில் நேராக விழும் மேல் மூலையில் ஆறாவது வாரத்திலேயே பட்டை சட்டத்தைவிட்டு எழும்பியது. விரலை வைத்து அழுத்தினால் அன்றைக்கு நிற்கும், மறுநாள் மதியம் மறுபடி வாயைப் பிளக்கும். சொல்லியனுப்பினேன், வந்து, சட்டத்தை எரிசாராயம் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதிய நாடா ஒட்டிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. முதலிலேயே துடைத்து ஒட்டியிருந்தால் இரண்டாம் முறை வந்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அளவெடுப்பிலும் ஒரு குறை இருந்தது. மகளின் அறைச் சன்னலுக்கு வந்த வலை ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. மாற்று வலை வர ஒன்பது நாள் ஆயிற்று. மற்ற மூன்றும் கச்சிதம்.

பலன் என்ன? நான் கணக்குப் பார்க்கும் குணமுடையவள். தேக்கா மளிகைக் கடையில் கொடுத்த தமிழ் நாட்காட்டியில், மின்மட்டையால் அடித்த கொசுக்களின் எண்ணிக்கையைத் தினமும் குறித்து வந்தேன். வலை போடுவதற்கு முந்தைய நான்கு வாரங்களில் 61. போட்ட பிறகு வந்த முதல் நான்கு வாரங்களில் 9. இரவில் காதோரம் ரீங்காரம் கேட்டு விளக்கைப் போடுவது நின்றுபோயிற்று. கொசுவர்த்திச் சுருளையும் வீட்டைவிட்டு அகற்றினேன். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்கு ஈடு என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கண்டதிலிருந்தே அது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. இந்த அளவில் 445 வெள்ளி எனக்கு உறுத்தவில்லை.

ஆனால் அந்த ஒன்பதில் ஆறு, பகலில் சமையலறையில் அடித்தவை. கறுப்பு உடலும் கால்களில் வெள்ளை வரிகளும் கொண்டவை. அரிப்பைப் பொறுத்துக்கொண்டால் போதும் என்று விட்டுவிடக் கூடிய கியூலெக்ஸ் அல்ல, டெங்கி பரப்பும் ஏடிஸ். அவை எங்கிருந்து வருகின்றன என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மே மாதம்வரை ஆயிற்று.

எங்கள் சமையலறைச் சன்னலுக்கு வலை இல்லை. போடவும் முடியாது, ஏனென்றால் துணி காயப்போடும் மூங்கில் கழிகளை அந்தச் சன்னல் வழியாகத்தான் வெளியே நீட்டிச் செருக வேண்டும். பழைய புளோக்குகளில் வாழ்பவர்களுக்கு இது தெரியும்: சன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் கழியைச் செருகும் குழாய்கள் வரிசையாக இருக்கும். எங்களுக்கு மூன்று. நாங்கள் இரண்டைத்தான் பயன்படுத்துகிறோம். மே மாதத்தில் ஒருநாள் மழை விட்ட மாலையில், கைப்பேசி விளக்கை அந்த மூன்றாவது குழாய்க்குள் அடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு கரண்டித் தண்ணீர். அதில் பத்துப் பதினைந்து கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் அத்தனையும் ஒரேயடியாக அடிக்குப் போயின. வலை கட்டி வெளியே நிறுத்தியதாக நான் நினைத்த கொசுவை, பத்தொன்பதாம் மாடியில் நானே வளர்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழாய்களைப் பயன்படுத்தாதபோது மூடிவைக்கும்படி வாரியம் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. வீட்டில் கொசு பெருகக் கண்டால் 200 வெள்ளி அபராதம் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. கடையில் ஒரு வெள்ளி இருபது காசுக்கு வாங்கிய மூடியை அன்றிரவே மாட்டினேன். மாட்டுவதற்கு முன் குழாயின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவினேன், ஏனென்றால் ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கக் கூடியவை. அடுத்த மழைத் தண்ணீர் தொட்டதும் பொரிந்துவிடும். ஜூலையில் பகலில் அடித்த கொசு ஒன்றே ஒன்று.

ஜூன் பள்ளி விடுமுறையில் குன்னூருக்குப் போனோம். மாமியார் ஊருக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கொழுந்தனார் வீட்டில் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது, கூடத்துச் சுவரில் மின்செருகியில் மாட்டியிருந்த திரவக் கொசுவிரட்டி. மாலையில் தோட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அத்தையின் புறங்காலில் இரண்டு இடங்களில் தடித்துவிட்டது. "இது கீழேயிருந்து பஸ்ஸில் ஏறி வந்த கொசு" என்றார். அப்படியும் இருக்கலாம், வண்டிகளில் ஏறிக் கொசுக்கள் ஊர் மாறுவது உண்மைதான். ஆனால் கொழுந்தனார் சொன்ன பருவக் கணக்குத்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் வாரங்களில் விரட்டியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மார்ச் கடைசியில் வெயில் ஏறி, கோடை மழையும் இரண்டு முறை பெய்துவிட்டால் மறுபடி மாட்டுகிறார்கள். அங்கே கொசுவுக்கு வருவதும் போவதும் உண்டு. இங்கே நமக்கு மாதச் சராசரி வெப்பம் ஆண்டு முழுவதும் 26, 29 டிகிரிக்குள் நிற்பதால், மே முதல் அக்டோபர்வரை டெங்கி கூடுகிறது, பிறகு கொஞ்சம் இறங்குகிறது, ஒரேயடியாக ஓய்வதில்லை. 2020இல் 35,000 பேருக்கு மேலும், 2022இல் 32,000 பேருக்கு மேலும் இங்கே டெங்கி கண்டது நினைவிருக்கும்.

அத்தையின் இளமைக்காலத்து நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. நீலகிரிக்கும் கொசுவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. மலேரியாவைக் கொசுவோடு பிணைத்துக் காட்டிய ரொனால்டு ரோஸ் 1897இல் ஊட்டிக்கு விடுப்பில் வந்திருந்தார். ஊட்டியிலிருந்து மசினகுடிப் பக்கம் இறங்கும் சிகூர் மலைப்பாதைக்குப் போனவருக்கு அங்கேதான் மலேரியா கண்டது; மேலே குளிரில் இருந்தபோது அல்ல. அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். மலை எங்கே காக்கும், எங்கே காக்காது என்ற எல்லையைத் தம் உடம்பிலேயே அறிந்தவர் என்று சொல்லலாம். அந்த எல்லை இப்போது மேலே நகர்ந்துகொண்டிருக்கிறது. கிட்டத்தட்ட 1,400 மீட்டரில் இருக்கும் காட்மாண்டு பள்ளத்தாக்கு உட்பட நேப்பாளம் முழுவதும் 2022இல் 54,000க்கும் மேற்பட்ட டெங்கிச் சம்பவங்கள் பதிவாயின. அந்நாட்டில் டெங்கி முதன்முதலில் பதிவானதே 2004இல்தான். பருவமழை ஓயும் செப்டம்பரில் உச்சத்துக்குப் போய், குளிர் இறங்கியதும் அடங்குகிறது. ஹவாய்த் தீவுகளிலும் இதே கதை, ஆனால் அங்கே சாவது பறவைகள். 1,500 மீட்டருக்கு மேலிருக்கும் காட்டில் கொசு எட்டாததால் பிழைத்திருந்த தேன்குடிப் பறவைகளைப் பறவை மலேரியா இப்போது அங்கேயும் தேடிப் போகிறது. கவாய்த் தீவின் மிக உயர்ந்த சிகரமே 1,600 மீட்டரைத் தொடவில்லை. அந்தப் பறவைகள் இனி ஏறிப் போக இடமில்லை. மௌவி என்ற தீவில் 2023 நவம்பர் முதல் ஹெலிகாப்டரிலிருந்து வோல்பாக்கியா ஆண் கொசுக்களைக் காட்டில் விடுகிறார்கள் என்று படித்தபோது, எங்கள் புளோக்குத் தாழ்வாரம்தான் நினைவுக்கு வந்தது.

வலையின் அன்றாடச் சங்கடங்களைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு முழுமையாகாது. எங்கள் சன்னல்கள் வெளிப்பக்கம் திறப்பவை, வலையோ உட்பக்கம். சன்னலைச் சாத்த வேண்டுமென்றால் வலையின் ஒரு மூலையைப் பிரித்துக் கையைவிட்டுக் கைப்பிடியை இழுக்க வேண்டும். சாதாரண நாளில் இது பெரிய வேலையில்லை. சுமத்ரா தீவுப் பக்கமிருந்து பலத்த காற்று வீசும் விடியற்காலைகளில்தான் தெரியும். நான்கு மணிக்கு மழை சாய்வாக அடிக்கும்போது, அரைத் தூக்கத்தில் நான்கு சன்னலின் மூலைகளைப் பிரித்து, சாத்தி, மறுபடி ஒட்டுவதற்குள் படுக்கை நனைந்துவிடும். ஒருமுறை காற்றின் வேகத்தில் வரவேற்பறை வலை முழுதாகப் பெயர்ந்து என் தலைமேல் விழுந்தது. பக்கவாட்டில் நகரும் சன்னல் உள்ள வீடுகளில் இந்தத் தொல்லை இருக்காது. உங்கள் சன்னல் எந்த வகை என்பதைப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

காற்றோட்டமும் குறையும். முன்பு மின்விசிறியை இரண்டில் வைத்தால் போதும், இப்போது மூன்று. மாதம் ஒருமுறை கழற்றிக் குளியலறையில் விரித்துக் கழுவினால் வடியும் தண்ணீர் காப்பித்தூள் கரைத்தது போல் இருக்கிறது. இத்தனையும் முன்பு நுரையீரலுக்குள் போயிற்றா, மேசைமேல் படிந்ததா என்று தெரியவில்லை. கழுவிய வலையை ஈரத்தோடு மாட்டக் கூடாது, காந்தப் பட்டையின் தையலில் பூஞ்சை பிடிக்கிறது. இதை அவர்கள் சொல்லவில்லை, நானாகக் கண்டுகொண்டேன்.

சமையலறைக்கு என்ன செய்வதென்று கேட்டதற்கு, பக்கவாட்டில் மடிந்து சுருங்கும் வகை வலை இருக்கிறது, கழியை நீட்டும்போது ஒதுக்கிவிட்டுப் பிறகு இழுத்து மூடலாம், 380 வெள்ளி ஆகும் என்றார்கள். அளவெடுக்க வந்த அதே பையனே மறுபடி வந்தார். இந்த முறை உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேராகச் சன்னலுக்கு வெளியே எட்டி, மூன்றாவது குழாயில் மாட்டியிருந்த மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, அவசரப்பட்டு அதை வாங்காதீர்கள்" என்றார். நான் இன்னும் வாங்கவில்லை. அத்தை தம் அறை வலையின் கீழ் மூலையை மட்டும் இரவு படுக்கப் போகும்முன் ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்.